காந்திமதி வைத்த காக்கைச் சோறு

ஆனைமுகத்து ஐயனை முன்வைத்து, அவனுக்கு இளையவனாம் வேலவனைத் துணைவைத்து, பெற்றவர் முகம் காணாது ஏங்கும் உயிர்களுக்கெல்லாம் தானே தாயும் தந்தையுமாய் நிற்கும் அம்மையப்பன் திருவடியை நெஞ்சில் இருத்தித் தொடங்குகிறேன். எழுதும் கை என்னுடையது, நடத்துபவன் அவன்.

இன்று தை மாதத்து வளர்பிறைச் சதுர்த்தி. காத்தோங் வட்டாரத்தில் என் வீட்டுக்கு அருகிலுள்ள பிள்ளையார் கோயிலில் காலைப் பூசை கண்டு, அறுகம்புல் சாத்தி, வீடு திரும்பி, நெற்றியில் நீறு காயுமுன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த குடும்பநல அலுவலகத்தின் இன்றைய ஊழியர்கள் தங்கள் ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். அண்மையில் அங்கே புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். பெரிய துயரச் செய்தியைப் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்வதற்கென்றே அமைத்த அறை. தரையெல்லாம் மெத்தை, சுவரெல்லாம் சித்திரம், மூலையில் பொம்மைகள். எனக்கு அதைச் சுற்றிக் காட்டிய பெண், “அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். “வீட்டுக்குப் போய் உக்காருவோம்” என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக எண்ணி எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கை இல்லை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

என் தந்தையார் ரயில்வேயில் எழுத்தர். மாலையில் பதிகம் பாடி முடித்த பிறகே எங்களுக்குச் சோறு விழும். கன்னிமார் மடத்துப் பள்ளியில் கற்ற ஆங்கிலமும், வீட்டில் கேட்ட தமிழும் சேர்ந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தன. வகுப்பறையில் சில மாதம், மருத்துவமனையில் சில மாதம், அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தில் சில மாதம் பயிற்சி பெற்றேன். அவற்றில் கற்றது கொஞ்சம். மற்றதெல்லாம் திருமதி சவரிமுத்துவின் பின்னால் நடந்து கற்றது.

அவர்தாம் என் மேலதிகாரி. திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்தவர். வெள்ளைப் பருத்திச் சேலையும் ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடையுமாக நடப்பார். தோல்பையில் செபமாலையும் பெப்பர்மிண்ட் மிட்டாயும் எப்போதும் இருக்கும். ஒரு வீட்டின் படியேறுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். “மணியப் பாத்துக்கிட்டே ஒருத்தங்க துக்கத்தக் கேக்கக் கூடாது மீனா” என்பார். உள்ளே போனதும் அந்த வீட்டுத் தாய் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கேயே, அதே உயரத்தில் உட்காருவார். வாய் ஏதோ பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும். கண், அடுப்பில் சாம்பல் புதிதா பழையதா, பள்ளிப் பை ஆணியில் தொங்குகிறதா கட்டிலுக்கடியில் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கொடுத்ததைக் குடிப்பார். வீட்டார் முன்னிலையில் பேனாவைத் திறக்கவே மாட்டார். தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையின் மூலை மேசைதான் எங்கள் எழுதுமிடம்.

எல்லாவற்றினும் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. படியிறங்குமுன், மறுபடி வரும் நாளை அந்த வீட்டின் மிகச் சிறிய பிள்ளையிடம் சொல்லி விடைபெற வேண்டும். சொன்ன நாளில் போயே தீர வேண்டும். ஒருமுறை பெருமழையில் சிராங்கூன் ரோடு முழங்கால் அளவு வெள்ளத்தில் கிடந்தது. அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையைக் கோலாக ஊன்றி நடந்துபோய், ஒரு வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்று, “தம்பி, வந்துட்டேன் பாத்தியா!” என்று கத்திவிட்டு அப்படியே திரும்பினார். பின்னால் நானும் நனைந்துகொண்டு வந்தேன். “இதுக்குத்தானாம்மா வந்தோம்?” என்று கேட்டேன். “பின்ன எதுக்கு வேல பாக்கறோம்?” என்றார்.

எங்களுக்குள் சமயப் பூசல் நாள்தோறும் நடக்கும். அவர் கடினமான ஒரு வேலையை என்னிடம் தரும்போது, “நீ உன் முருகனக் கேளு, நான் எங்க மாதாவக் கேக்குறேன். யாரு மொதல்ல முடிச்சுக் குடுக்குறாங்கன்னு பாப்போம்” என்பார். முடிந்த பிறகு, “உங்க ஆளு கொஞ்சம் தாமதம்” என்று சீண்டுவார். “மயில்ல வரணும்லம்மா” என்பேன்.

இனி, காந்திமதியின் வீட்டுக்கு வருகிறேன்.

அந்நாளில், ஆங்கிலேயர் ஆண்ட இத்தீவில் பிறவாத ஒருவரை வேண்டாதவர் என்று அரசு கருதினால், கப்பலேற்றிப் பிறந்த நாட்டுக்கே அனுப்பிவிடச் சட்டம் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளை அச்சட்டம் தொடாது. தகப்பன் போவான்; பிள்ளைகள் இருப்பார்கள். வேலாயுதம் என்பவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழிலாளர் கூட்டங்களில் உரத்துப் பேசியவர். ஒரு விடியற்காலையில், மாத்தா எனப்படும் காவலர்கள் வந்து அழைத்துப் போனார்கள். நாடுகடத்தும் ஆணை பிறந்தது. அடுத்த கப்பல் வரும்வரை சிறையில் வைத்திருந்தார்கள். அவர் செய்தது சரியா தவறா என்று பார்ப்பது எங்கள் வேலையன்று. அவருடைய மனைவி அஞ்சலையும், மகள் காந்திமதியும், மகன் குமரனுமே எங்கள் வேலை. மகளுக்குப் பத்து வயதிருக்கும். மகன் பள்ளிக்குப் போகும் வயதை எட்டவில்லை. சிறைக் கம்பி வலைக்கு அப்பாலிருந்து கணவர், “அங்க போனா எனக்கே ஒண்ட எடமில்ல. பிள்ளைங்கள இங்கயே படிக்க வை” என்று சொல்லிவிட்டதால், அஞ்சலை இங்கேயே இருப்பதென்று முடிவு செய்திருந்தாள். மகள் பள்ளிக்கு வருவது நின்றுபோயிற்று என்று தலைமையாசிரியை தெரிவித்ததால் நாங்கள் போனோம்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில், பலகைத் தடுப்பு வைத்த ஒற்றை அறை அது. நாங்கள் படியேறும்போதே அழுகை கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அஞ்சலையைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், சிறிது நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள், பிறகு எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். காந்திமதி தம்பியை மடியில் வைத்தபடி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

கீழே கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஆப்பம் சுட்டு விற்கும் பொன்னம்மா எங்களைத் தடுப்புக்கு வெளியே அழைத்துப் போனார். அந்தச் சந்துக்கே தலைவி அவர். எங்களைப் போன்ற உத்தியோகப் பெண்களை அங்கே எல்லாரும் ‘மிசி’ என்றே அழைப்பார்கள்.

“பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லியிருக்கு?” என்று திருமதி சவரிமுத்து கேட்டார்.

“பாலம் தாண்டி ஜொகூர்ல, கித்தாக் காட்டுல ரப்பர்ப் பால் எடுக்குற வேல, வர நாளாகும்னு சொல்லி வச்சிருக்கோம் பெரிய மிசி. மாத்தா புடிச்சதோ, கப்பல்ல ஏத்தப் போறதோ, அதுங்களுக்குத் தெரியவே கூடாது. பால்காரர்லேருந்து மில்லுக்காரர் வரைக்கும் எல்லார் வாயையும் கட்டியாச்சு. ஒரு ஈ காக்கா மூச்சு விடாது லா!”

அஞ்சலையும் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்களும் சொல்லிடாதீங்க மிசி. பெரியவளுக்கு அப்பான்னா உசுரு. தாங்க மாட்டா.”

பெற்றவள் சொல்லாததைப் பிள்ளையிடம் நாங்கள் சொல்வதில்லை. ஆகவே திருமதி சவரிமுத்து தலையசைத்தார். ஆனால் கிளம்பும்போது வழக்கப்படி குமரனுக்கு முன் குனிந்து, ஒரு மிட்டாயைக் கொடுத்து, “தம்பி, நான் வர்ற வியாழக்கெழம வரேன். சரியா? அப்ப வரட்டுமா?” என்றார்.

அதுவரை தரையைப் பார்த்திருந்த காந்திமதி வெடுக்கென்று தலை நிமிர்ந்தாள். கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவர்களைப் பார்ப்பதுபோல் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

கோப்பிக் கடையில் திருமதி சவரிமுத்து பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் இருந்தார். “அந்தப் பொண்ணு நம்மள ஏன் அப்படிப் பாத்துச்சு மீனா?”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெரியல. தெரியலன்னே எழுதி வை. தெரிஞ்சப்புறம் அழிச்சுக்கலாம்.”

அந்த வியாழக்கிழமை அமாவாசையாக அமைந்தது. அவரை வேறொரு வழக்குக்காக நீதிமன்றத்தில் கூப்பிட்டிருந்ததால் நான் மட்டும் போனேன். அஞ்சலை பாத்திரம் கழுவும் வேலைக்குப் போயிருந்தாள். “பெரியவதான் மேல சமைக்கிறா மிசி. என்னமா பொறுப்பு தெரியுமா! காலையிலயே தலைக்குக் குளிச்சிட்டா” என்றார் பொன்னம்மா, ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே.

மாடிக் கோடியில் பொது அடுப்படி. அதன் சன்னலுக்கு வெளியே பின்சந்தை நோக்கிச் சரிந்த தகரக் கூரை. அக்கூரையின் விளிம்பில் வாழையிலைத் துண்டொன்றில் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் வைக்கப்பட்டிருந்தன. காந்திமதி ஈரத்தலையோடு சன்னலில் சாய்ந்து, “கா... கா...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்நாள்போல் அந்நாளில் இங்கே காகங்கள் மலிந்திருக்கவில்லை. வந்தவையெல்லாம் மைனாக்களே. அவற்றைக் கரண்டியால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பசிக்குது” என்றான் குமரன்.

“காக்கா எடுத்தப்புறம்தான். அப்பாவுக்கு முன்னாடி நீ சாப்பிடுவியா?”

குமரன் எனக்கு விளக்கம் சொன்னான். “காக்கா இத ஜொகூருக்குத் தூக்கிட்டுப் போகும் மிசி. அங்க அப்பா சாப்புடுவாங்க.”

இறந்துபோன முன்னோருக்கு அமாவாசை தோறும் காக்கைக்குச் சோறிட்டு, அதன் பிறகே வீட்டார் உண்பது நம் வழக்கம். உயிரோடிருப்பவருக்கு யாரும் வைப்பதில்லை. திருமதி சவரிமுத்துவிடம் கற்றபடி நான் ஒன்றும் கேட்கவில்லை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளே வந்து என் அருகில் உட்கார்ந்தாள்.

“சொன்னபடி வந்துட்டீங்க” என்றாள்.

“சொன்னா வரணும்ல.”

தம்பியைக் கீழே ஆப்பக் கடைக்கு அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மிசி, ஒண்ணு கேக்கட்டுமா? சாவு வீட்டுலேருந்து போறப்ப ‘வரேன்’னு சொல்லக் கூடாதுல்ல? அன்னைக்கு நீங்க ரெண்டு பேரு மட்டும் ஏன் சொன்னீங்க?”

“இது சாவு வீடுன்னு யாரும்மா சொன்னது?”

“யாரும் சொல்லல. ஆனா தாத்தா செத்தப்பவும் இப்படித்தான் எல்லாரும் வந்து அம்மாவக் கட்டிக்கிட்டு அழுதாங்க. யாரும் சொல்லிட்டுப் போகல. இப்பவும் சொல்லிக்கிறதில்ல. ஜொகூருக்குப் போனாருன்னா அப்பா நல்ல சட்டையப் போட்டுக்கிட்டுத்தானே போயிருப்பாரு? அது ஆணியிலேயே தொங்குது.” அவள் அழாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “அப்பா செத்துட்டாரு மிசி. சின்னப் பிள்ளைங்கன்னு எங்களுக்குச் சொல்லாம வச்சிருக்காங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. நான்தானே செய்யணும்? போன அமாவாசைக்கும் வச்சேன். காக்கா வரவே இல்ல. அப்பாவுக்கு என்மேல கோவம்.”

யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பெண்கள் அன்போடுதான் வந்தார்கள். துயர வீடென்றால் எப்படி நடந்துகொள்வதென்று அவர்களுக்குத் தெரிந்தது ஒரே முறை. இழவு வீட்டு முறை. வாயைக் கட்டினார்கள், வழக்கத்தைக் கட்ட மறந்தார்கள். பிள்ளை வாயைக் கேட்கவில்லை, வழக்கத்தைப் படித்துக்கொண்டாள். பள்ளிக்குப் போகாததும், பாதி வயிறு உண்டதும், வெறுந்தரையில் படுத்ததும் எல்லாம் துக்கம் காப்பது. அவள் தனியொருத்தியாய்த் தந்தைக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.

‘அப்பா இருக்கிறார்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அது தாய் சொல்ல வேண்டிய சொல். “அம்மா வர்ற வரைக்கும் நானும் இங்க உக்காந்திருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கீழே போய்ப் பொன்னம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அந்த வாயாடிப் பெண்மணி ஆப்பம் கருகுவதுகூடத் தெரியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். “நாங்கதானே மிசி வந்து வந்து அழுதோம்... ஐயோ, பாவி நான், தெனம் ரெண்டு வாட்டி அழுதேனே!” பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அவரே அஞ்சலையை அழைத்துவர ஓடினார்.

அஞ்சலை ஓடிவந்தாள். கூரை விளிம்பில் இலையைக் கண்டதும் சன்னலுக்கு வெளியே எட்டி, இலையைச் சோற்றோடு அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். “உசுரோட இருக்குற மனுசனுக்குடி... அடியே, உசுரோட இருக்குற மனுசனுக்கு...” பிறகு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். “மாத்தா புடிச்சு வச்சிருக்காங்க. ஊருக்குக் கப்பல்ல அனுப்பப் போறாங்க. ஆனா சாகலடி. சத்தியமா சாகல. அதான்டி காக்கா வரல! உசுரோட இருக்குறவரு சோத்தக் காக்கா தொடுமா?”

காந்திமதி அதைக் கேட்டாள், நன்றாக யோசித்தாள். பிறகு தாயின் மடியிலிருந்து எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஜொகூர்னும் நீதானேம்மா சொன்ன?”

தந்தை நீராட மூழ்கி மறைந்த சிறுபொழுதையே பொறாமல் குளக்கரையில் நின்று கதறி, ஞானப்பால் பெற்ற பிள்ளையின் வரலாற்றை என் தந்தையார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். கரையில் தாய் இருந்தால் அழுகை அடங்கியிருக்கும் என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. இங்கே கரையில் தாய் இருந்தாள். அவள் சொல்தான் போய்விட்டது. நாடுகடத்துவது ஒரு பிள்ளையிடமிருந்து தகப்பனை எடுக்கிறது. அதை மறைப்பது தாயையும் எடுத்துவிடுகிறது.

நான் திரும்பி வந்து சொன்னதை முழுவதும் கேட்டபின் திருமதி சவரிமுத்து செபமாலையை எடுத்தார்; எடுத்தவர் உருட்டாமல் திரும்பப் பையில் வைத்தார். “இனிமே யாரு சொன்னாலும் நம்பாது. கண்ணால பாக்கணும். கப்பல் கெளம்பறதுக்குள்ள பாக்கணும்.”

அதற்கு வழியில்லை. சிறைக்குள் மனைவி போகலாம், பிள்ளைகள் போகக்கூடாது. கப்பல்துறைக்கு யாருமே போகக்கூடாது. பொறுப்பிலிருந்த ஆங்கில அதிகாரி முதல்முறை கதவுக்கு உள்ளே இருந்தபடியே முடியாது என்று சொல்லியனுப்பினார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மறுநாளும் போய் உட்கார்ந்தோம். அங்கே திருமதி சவரிமுத்து கடிகாரத்தைக் கழற்றவில்லை. “இது வீடு இல்ல” என்றார். மூன்றாம்முறை அழைப்பு வந்தது.

“விதி உங்களுக்குத் தெரியும்” என்றார் அதிகாரி.

“தெரியும் ஐயா. எனக்கு ஓர் உதவி வேண்டும். ஒரு குழந்தை, தன் தகப்பன் இறந்துவிட்டான் என்று நம்பி அவனுக்கு ஈமச் சோறு வைக்கிறது. அவனோ உயிரோடு உங்கள் பொறுப்பில் இருக்கிறான். இதை என் அறிக்கையில் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.” சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து, மாணவியைப்போல் பணிவாகக் காத்திருந்தார்.

அதிகாரி தம் முன்னிருந்த கோப்பை மூடினார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். “கப்பலேறுமுன், கிடங்கு நிழலில், சில நிமிடங்கள்” என்றார்.

படியிறங்கும்போது, “உங்க மாதாவா, எங்க முருகனாம்மா?” என்று கேட்டேன்.

“அந்த பெஞ்சு” என்றார். “இடுப்பு வலி உசுரு போகுது.”

கப்பல் புறப்படும் நாள் காலையில் அவருடைய பழைய காரில் எல்லாரும் ஏறினோம். அவர் கார் ஓட்டுவதும் ஒரு விசுவாசச் செயல்தான். முன்கண்ணாடியில் செபமாலை ஆட, பக்கத்தில் நான் பதிகம் முணுமுணுக்க, பின்னால் அஞ்சலை டிபன் கேரியரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். டோபி காட் அருகே வந்ததும் தண்டாயுதபாணி இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பினேன். “நல்லாக் கும்பிடு. நான் ரெண்டு கையையும் எடுத்தாத்தான் ஆபத்து” என்றார். குமரன் கெக்கெக்கென்று சிரித்தான். காந்திமதி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு ஜொகூருக்குத் தன்னை அழைத்துப் போகிறார்கள் என்றே அவள் முகம் சொல்லிற்று.

கிடங்கு நிழலில் இரண்டு மலாய்க் காவலர்களுக்கு நடுவே வேலாயுதம் நின்றார். கைகளில் விலங்கு. குமரன் ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா! ஜொகூர்லேருந்து வந்துட்டீங்களா?” என்று கத்தினான். காந்திமதி தூரத்திலேயே நின்றுவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கால்களைப் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதைத்தான் பார்த்தாள். பழைய செருப்பில் வெடித்த குதிகால்கள், நன்றாகத் தரையில் ஊன்றியிருந்தன. பக்கத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் அவற்றின் நிழலும் விழுந்திருந்தது.

“காந்தி” என்றார் தகப்பன். “அப்பாகிட்ட வரமாட்டியா?”

அவள் தாயின் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கினாள். தரையில் வைத்துத் திறந்து, சோற்றையும் பருப்பையும் பிசைந்து, வாழைக்காய்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து உருட்டினாள். கிட்டே போய்க் கையை நீட்டினாள். “சாப்பிடுங்க.”

காவலர்களில் மூத்தவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். விலங்குக் கைகளைத் தாழ்த்தி வேலாயுதம் குனிந்தார். வாங்கி மென்றார். பிள்ளை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு உள்ளே இறங்கிற்று.

சூழலை இலேசாக்க நினைத்தோ என்னவோ, அவர், “உப்புக் கொஞ்சம் கம்மி லா, காந்தி” என்றார்.

அவ்வளவுதான். அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. “அமாவாசைக்கு வச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு!” என்று வீறிட்டாள். “நீங்கதான் சாப்புட வரல!”

வேலாயுதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் தெரிந்துகொண்டதும், விலங்கோடு கூடிய கைகளை வளையமாக்கி மகளின் தலைக்கு மேலாகப் போட்டு அணைத்துக்கொண்டு, பாத்திரம் காலியாகும்வரை அவள் கையால் உண்டார். ஏணிப்படி ஏறுமுன் திரும்பி, “போயிட்டு வரேன்” என்றார். காந்திமதி, “சரிப்பா, வாங்க” என்றாள்.

திரும்பும் வழியில் காரில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் மெல்லக் கேட்டேன். “சொன்னா வரணும்னு சொல்வீங்களேம்மா. அவர இனிமே வரவிட மாட்டாங்க. ‘வரேன்’னாரே?”

“நாம சொல்றது வாக்கு” என்றார் அவர், பாதையிலிருந்து கண் எடுக்காமல். “அவர் சொன்னது, ‘நான் உசுரோடதான் போறேன்’னு. இன்னைக்கு அது போதும்.”

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டதென்று எழுத என்னால் இயலாது. குமரன் பல மாதம், தாயின் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கினான். யாராவது சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் காந்திமதி வாசலுக்கும் சன்னலுக்குமாக நடப்பாள்; வளர்ந்த பின்னும் அது போகவில்லை. ஆனால் பள்ளிக்குப் போனாள், வயிறார உண்டாள். அந்தச் சந்தில் ஒரு புதிய வழக்கம் உண்டாயிற்று. அஞ்சலையின் வீட்டுக்கு யார் வந்தாலும், படியிறங்கும்போது தெருவுக்கே கேட்கும்படி, “காந்தி, நான் வரேன்டி!” என்று சொல்லிவிட்டே போனார்கள். எல்லாரினும் உரத்த குரல் பொன்னம்மாவுடையது. ஐந்தடிப் பாதையிலிருந்து உப்பு வாங்க மாடிக்கு வந்து போனாலும் சொல்வார்.

காந்திமதி தாதிப் பயிற்சி முடித்தாள். மருத்துவமனைத் தாதியையும் இங்கே மிசி என்பார்கள்; என்னை மிசி என்றழைத்தவள் தானே மிசியானாள். சம்பாத்தியம் வந்ததும் கப்பலேறிப் போய்த் தகப்பனைப் பார்த்து, தன் கையால் சமைத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவரோ திரும்பவே இல்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் காலமான செய்தி ஊரிலிருந்து வந்தது. முப்பதாம் நாள் காரியம் கழிந்து வந்த அமாவாசைக்கு என்னையும் திருமதி சவரிமுத்துவையும் குவீன்ஸ்டவுனிலிருந்த தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்திருந்தாள். பெரியவர் அப்போது ஓய்வுபெற்று, கண்ணில் புரை விழுந்து, என் தோளைப் பிடித்து நடந்தார். மின்தூக்கிக்குள்ளேயே கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுப்படிச் சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கில்களுக்குக் கீழிருந்த கட்டையில் காந்திமதி இலையை வைத்தாள். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டாள்.

“வந்துச்சா?” என்று கேட்டார் பெரியவர்.

“வந்துருச்சும்மா” என்றேன்.

காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு உண்ணத் தொடங்கியது. காந்திமதி சன்னலில் சாய்ந்துகொண்டு அதனிடம் மெல்லக் கேட்டாள். “உப்பு சரியா இருக்காப்பா?”

உணவுக்குப் பின் நாங்கள் எழுந்தோம். துக்க வீடு. முறை தெரிந்தவள் ஆகையால் நான் ஒன்றும் சொல்லாமல் வாசல் பக்கம் நடந்தேன். வாழ்நாள் முழுதும் சொல்லாமல் படியிறங்கியறியாத பெரியவரும், எங்கள் வழக்கத்தை மதித்து உதட்டை மூடிக்கொண்டு வந்தார். கதவருகே காந்திமதி வழியை மறித்து நின்றாள்.

“பெரிய மிசி” என்றாள். “எங்க வீட்டுல மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

புரை விழுந்த கண்களை அவள் குரல் வந்த பக்கம் திருப்பி, திருமதி சவரிமுத்து அவள் கன்னத்தைத் தடவினார். “வர்ற வியாழக்கெழம வரேன். சரியா? அப்ப வரட்டுமா?”

அந்த வியாழக்கிழமை கடும் மழை. போனோம்.

இதைப் படிக்கும் அன்பர் அனைவர் வீட்டு வாசலிலும், போனவர் திரும்பி வரும் காலடி ஓசை கேட்பதாக. உங்கள் பிள்ளைகள் உங்கள் சொல்லை ஐயமின்றி நம்பி உறங்குவார்களாக. கடல் பிரித்த குடும்பங்களுக்கெல்லாம் அம்மையப்பன் கரையாய் நின்று, நீங்கள் யாவரும் நிறைந்த வயிறும் நிறைந்த நெஞ்சுமாய் நெடுங்காலம் இனிதிருக்க அருள்வானாக.